ரத்தம் உறையுமா, உறையாதா? கண்ணாடிக் குழாய் சொல்லும் 20 நிமிடத் தீர்ப்பு!

பாம்புக்கடி கேசில் உயிரைக் காக்கும் எளிய டெஸ்ட். டியூப் தப்பானால் தீர்ப்பும் தப்பாகும்

ராமநாதபுரம்:

பாம்பு கடித்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததும் டாக்டருக்கு உடனே தேவைப்படுவது ஸ்கேனும் இல்லை, லட்ச ரூபாய் மெஷினும் இல்லை. ஒரு சின்ன கண்ணாடி டெஸ்ட் டியூப்!

அதில் 2 மில்லி ரத்தம். அப்புறம் 20 நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது. அவ்வளவுதான் டெஸ்ட்.

20 நிமிடம் கழித்து டியூபை மெள்ளச் சாய்க்கிறார்கள். ரத்தம் கட்டியாக நின்றால் ஒரு மூச்சு விடலாம். தண்ணீர் போல ஓடினால் விஷம் ரத்தத்தில் ஏறி விட்டது என்று அர்த்தம். அந்த நிமிடமே விஷமுறிவு மருந்தை ஏற்ற வேண்டும்.

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த டெஸ்டில் ஒரு சங்கதி இருக்கிறது. ரத்தத்தை எடுக்கும் விதமும், ஊற்றும் குழாயும், காத்திருக்கும் நேரமும் கொஞ்சம் பிசகினாலும் டெஸ்ட் பொய் சொல்லும். அந்தப் பொய்க்கு விலை ஒரு மனித உயிர்!

போலீஸ் கேசில் தடயத்தைக் கெடுத்தால் கேசே கெட்டுப்போகும். கத்தியில் கைரேகை எடுப்பதற்கு முன் அதைக் கழுவி வைத்தால் கோர்ட்டில் என்ன நிற்கும்? ரத்தமும் அப்படித்தான். அதுவும் ஒரு தடயம்.

சுருட்டையின் வேலை

ராமநாதபுரம் சீமை வறண்ட பூமி. சீமைக் கருவேலங்காடு, பனங்காடு, கண்மாய்க் கரை, மிளகாய் வயல், மணல் மேடு. விறகு வெட்டப் போகிறவர், கரிமூட்டம் போடுகிறவர், பனை ஓலை பொறுக்குகிறவர், ராத்திரி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்: எல்லோரும் காலை வைக்கும் இடத்தில்தான் பாம்பும் படுத்திருக்கிறது.

நம் நாட்டில் அதிகம் பேரைக் கொல்லும் விஷப்பாம்புகள் 4. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்.

நல்ல பாம்பும் கட்டு விரியனும் நரம்பைத் தாக்குகிறவை. கண் இமை தொங்கும், மூச்சு நிற்கும். கண்ணாடி விரியனும் சுருட்டையும் ரத்தத்தைக் கெடுக்கிறவை.

இதில் சுருட்டை பார்ப்பதற்கு அற்பமாக இருக்கும். பெரும்பாலும் 2 அடிக்குள்தான் நீளம். உடம்பைச் சுருட்டிச் செதிலோடு செதில் உரசி "சர்ர்ர்" என்று சத்தம் போடும். வறண்ட மண்ணும் மணலும் அதற்குப் பிடித்த இடம். "சின்னப் பாம்புதானே, என்ன செஞ்சிடும்?" என்று வீட்டில் படுத்துக் கொண்டவர்கள் மறுநாள் ஈறில் ரத்தம் கசிந்து வருவது உண்டு.

ரத்தம் உறைவது எப்படி? ரத்தத்தில் பைப்ரினோஜன் என்று ஒரு புரதம் கலந்திருக்கிறது. காயம் பட்டால் அது நூல் நூலாக மாறி வலை பின்னும். வலையில் மீன் மாட்டுவது போல ரத்த அணுக்கள் அதில் மாட்டிக் கொண்டு கட்டியாகும். ஓட்டை அடைபடும்.

விரியன் விஷம் என்ன செய்கிறது? காயமே இல்லாத இடத்தில் எல்லாம் அந்த நூலைப் பின்ன வைக்கிறது. உடம்பு முழுக்க ஓடுகிற ரத்தத்தில் நூல் வீணாகச் செலவாகிறது. சில மணி நேரத்தில் கையிருப்பு காலி! அப்புறம் நிஜமாகவே எங்காவது ரத்தம் கசிந்தால் அடைக்க நூல் இல்லை. ஈறில் ஒழுகும், சிறுநீரில் வரும், மூளைக்குள் கசிந்தால் ஆள் காலி.

வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரிவதற்கு முன்பே உள்ளே இருப்பு தீர்ந்து போயிருக்கலாம். அதைக் காட்டிக் கொடுக்கும் சாட்சிதான் இந்தக் கண்ணாடிக் குழாய்.

டெஸ்ட் எப்படிச் செய்ய வேண்டும்?

விதிமுறை கடினமானது அல்ல. ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது.

புதிய, சுத்தமான, ஈரம் இல்லாத கண்ணாடி டியூபாக இருக்க வேண்டும். கைநரம்பில் இருந்து அப்போதுதான் எடுத்த ரத்தம் 2 மில்லி. ஊசியைக் கழற்றி விட்டு, சிரிஞ்சில் இருந்து குழாயின் உள்சுவர் ஓரமாக மெள்ள விட வேண்டும். பீய்ச்சி அடித்தால் நுரை கட்டும், அணுக்கள் உடையும்.

டியூபை ஸ்டாண்டில் நிற்க வைத்து கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறிக்க வேண்டும். குத்துமதிப்பு கூடாது. அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். ஐஸ் பெட்டியும் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் எடுத்து ஆட்டிப் பார்க்கிற அவசரம் ஆகவே ஆகாது. 20 நிமிடம் ஆனதும் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். குலுக்கக்கூடாது.

ரத்தம் எடுக்கும் இடத்திலும் கவனம் தேவை. உறையாத ரத்தம் உள்ளவருக்கு கழுத்திலும் தொடை இடுக்கிலும் உள்ள பெரிய நாளங்களில் குத்தினால் ரத்தம் நிற்காது. முழங்கைப் பக்கம், முன்கை என்று அழுத்திப் பிடிக்க வசதியான இடத்தில்தான் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சதையில் போடும் ஊசியும் அப்போதைக்கு வேண்டாம்.

சந்தேகம் வந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. கூட வந்த சொந்தக்காரரிடம் 2 மில்லி ரத்தம் எடுத்து அதே மாதிரி இன்னொரு டியூபில் ஊற்றிப் பக்கத்தில் வைப்பார்கள்.

"எங்க அண்ணனைத்தானே பாம்பு கடிச்சுச்சு? என் ரத்தம் எதுக்கு சிஸ்டர்?" என்று கேட்கத் தோன்றும்.

காரணம் இதுதான். நல்ல ஆளின் ரத்தம் கண்ணாடியில் 20 நிமிடத்துக்குள் உறைந்தே தீர வேண்டும். அவருடைய ரத்தமும் உறையவில்லை என்றால் குற்றவாளி பாம்பு அல்ல, டியூப்! டெஸ்டைத் தூக்கிப் போட்டு விட்டு வேறு டியூபில் மறுபடி செய்ய வேண்டும். கொடுக்கிற 2 மில்லியில் உங்கள் உடம்புக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தயங்காமல் கையை நீட்டுங்கள்.

கண்ணாடி ஏன்? ஒரு ரயில்வேக்காரரின் கதை

பிளாஸ்டிக் டியூபில் செய்தால் என்ன? இதற்குப் பதில் சொன்னவர் டாக்டர் அல்ல. அமெரிக்காவில் ரயிலில் பிரேக்மேன் வேலை பார்த்த ஜான் ஹேகமன் என்பவரின் ரத்தம்!

1950-களில் கிளீவ்லேண்ட் நகரத்தில் அவருக்கு ஆபரேஷன் செய்வதற்கு முன் வழக்கமான ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். கண்ணாடிக் குழாயில் அவர் ரத்தம் வெகுநேரம் உறையவில்லை. டாக்டர்கள் திகைத்தார்கள். ஏனென்றால் அந்த மனிதருக்கு வாழ்நாளில் ரத்தக் கசிவுத் தொந்தரவே கிடையாது. வெட்டுப்பட்டால் நம்மைப் போலவே அவருக்கும் ரத்தம் நின்றது.

ஆஸ்கர் ராட்னாப் என்ற டாக்டர் ஆராய்ந்து 1955-ல் முடிவை வெளியிட்டார். கண்ணாடி பட்டதும் விழித்துக் கொள்ளும் ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறது. அது ஹேகமன் உடம்பில் இல்லை. அந்தப் புரதத்துக்கு ஹேகமன் காரணி என்றே பெயர் வைத்தார்கள். 12-வது உறைவுக் காரணி என்றும் சொல்வார்கள்.

விதியின் வேடிக்கை பாருங்கள். குழாயில் ரத்தம் உறையாத அதே ஹேகமன் 1968-ல் இறந்தார். காரணம், நுரையீரல் ரத்தக் குழாயை அடைத்த ரத்தக் கட்டி!

ஆக, கண்ணாடி வெறும் பாத்திரம் அல்ல. ரத்தத்தைத் தட்டி எழுப்பும் சாவியே அதன் சுவர்தான். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அந்தத் தட்டல் இல்லை. நல்ல ரத்தமும் அதில் சோம்பேறித்தனமாக ஓடிக் கொண்டிருக்கும். "உறையலே, விஷம் ஏறிருச்சு" என்று டெஸ்ட் பொய் சொல்லும்.

இன்னொரு வில்லன் சோப்பு. கண்ணாடி டியூபை சோப்புத்தூள் போட்டுக் கழுவிக் காய வைத்து மறுபடி எடுத்தால், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும் சோப்பு அந்தச் சுவரை மூடி விடும். ரத்தம் உறையாது. பளபளப்பாகக் கழுவிய டியூபை விட, உறையைப் பிரித்த புது டியூப்தான் மேல்.

பொய் இரண்டு பக்கமும் கெடுதல். விஷம் இல்லாதவருக்கு இருக்கிறது என்று சொன்னால், தேவை இல்லாமல் 8 முதல் 10 பாட்டில் விஷமுறிவு மருந்து ஏறும். அது குதிரையின் உடம்பில் உண்டாக்கி எடுக்கும் மருந்து. சிலருக்குக் கடுமையான அலர்ஜி வந்து ரத்த அழுத்தம் இறங்கி மூச்சுத் திணறும். விஷம் இருப்பவருக்கு இல்லை என்று சொன்னாலோ, மருந்து பீரோவில் இருக்க, ஆள் கட்டிலில் சாவார்.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சோதனை

தனுஷ்கோடிக்கு எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. அங்கும் கண்ணாடி விரியன் தொல்லை பெரிது. இந்த டெஸ்டை அங்கே டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள்.

2013-ல் வந்த முடிவு திடுக்கிட வைத்தது. கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் கெட்டிருப்பது லேப் மெஷினில் உறுதியான 100 பேரை எடுத்துக் கொண்டால், ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எடுத்த 20 நிமிட டெஸ்ட் சுமார் 40 பேரைத்தான் கண்டுபிடித்திருந்தது. மற்றவர்களுக்கு "எல்லாம் சரி" என்று சொல்லி விட்டது. அதனால் மருந்து ஏற்றுவதும் தாமதமானது.

டெஸ்டையே தூக்கி எறிந்து விடலாமா? அங்குள்ளவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரே அளவான டியூப், ஒரே அளவான ரத்தம், பயிற்சி பெற்ற கை, கடிகாரம் பார்த்து 20 நிமிடம் என்று ஒழுங்குபடுத்தி மறுபடி பார்த்தார்கள். 2017-ல் வந்த முடிவில் 100-க்கு 80-க்கு மேல் கண்டுபிடித்தது.

பாம்பு அதே பாம்பு. கண்ணாடியும் அதே கண்ணாடி. மாறியது கையாளும் விதம் மட்டுமே!

இருந்தாலும் 100-க்கு 100 இல்லை. அதனால்தான் டியூபில் உறைந்து விட்டது என்றாலும் டாக்டர்கள் ஆளையும் பார்க்கிறார்கள். ஈறில் கசிவு, கடிவாய் வீக்கம் மேலே ஏறுவது, வயிற்று வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம். இதில் எது தெரிந்தாலும் டியூபை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

ஒரு தடவை போதாது

"டெஸ்ட் எடுத்தாச்சு, உறைஞ்சுருச்சு, வீட்டுக்குப் போலாமா?" இது வார்டில் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்வி.

போகக்கூடாது. விஷம் கடிவாயில் இருந்து மெள்ள மெள்ள ஏறலாம். முதல் டெஸ்டில் தெரியாதது அடுத்த டெஸ்டில் தெரியலாம். அதனால் 24 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். "எத்தனை தடவைதான் ரத்தம் எடுப்பீங்க?" என்று நர்சோடு சண்டை போடாதீர்கள்.

மருந்து ஏற்றிய பிறகு கணக்கு வேறு. விஷத்தை மருந்து முறித்து விடும். ஆனால் செலவான நூலை மருந்து கொண்டு வராது. அதைக் கல்லீரல்தான் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்குச் சுமார் 6 மணி நேரம் ஆகும். அதனால் 6 மணி நேரம் கழித்து மறுபடி டியூப். அப்போதும் உறையாவிட்டால் இன்னொரு தவணை மருந்து.

குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மருந்து ஒரே அளவுதான். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை!

நீல மூடி டியூபின் கணக்கு

கண்ணாடி டியூப் வாசலில் நிற்கும் காவலாளி. ரத்தம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று துல்லியமாகச் சொல்ல லேப் டெஸ்ட் இருக்கிறது. பி.டி., ஏ.பி.டி.டி. என்று சீட்டில் எழுதுவார்கள். பாம்புக்கடிக்கு மட்டும் அல்ல. இருதய வால்வு மாற்றியவர், காலில் ரத்தக் கட்டி வந்தவர், ஆபரேஷனுக்குப் போகிறவர், பிரசவத்தில் ரத்தப் போக்கு உள்ள தாய் என்று பலருக்கும் இது தேவை.

இதற்கு ரத்தம் எடுப்பது வெளிர் நீல மூடி போட்ட டியூபில். உள்ளே 0.3 மில்லி அளவுக்கு சோடியம் சிட்ரேட் திரவம் இருக்கும். 3.2 சதவீதக் கரைசல். அதில் 2.7 மில்லி ரத்தம் விட வேண்டும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட். இந்தக் கணக்கு பிசகவே கூடாது.

சிட்ரேட் என்ன செய்கிறது? ரத்தம் உறைவதற்கு சுண்ணாம்புச் சத்து வேண்டும். சிட்ரேட் அதைப் பிடித்துக் கட்டி வைத்துக் கொள்ளும். ரத்தம் உறையாமல் லேப் போய்ச் சேரும். அங்கே சரியான அளவு சுண்ணாம்புச் சத்தைத் திரும்பச் சேர்த்து, எத்தனை விநாடியில் உறைகிறது என்று எண்ணுவார்கள்.

ரத்தம் குறைவாக விட்டால்? சிட்ரேட் மிச்சமாகும். லேப் சேர்க்கும் சுண்ணாம்பையும் அது விழுங்கும். நல்ல ரத்தமும் தாமதமாக உறையும். வராத நோயை வந்ததாக ரிப்போர்ட் சொல்லும். அதனால்தான் கோட்டுக்கு 10-ல் 9 பங்குக்கும் கீழே இருக்கும் டியூபை லேபில் திருப்பி அனுப்புவார்கள். "இன்னொரு தரம் ஊசி குத்தணுமா?" என்று கோபப்படாதீர்கள். அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

மற்ற விதிகளும் உண்டு.

கையில் கட்டும் ரப்பர் பட்டை 1 நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. நரம்பைத் தேடித் தேடிக் குத்தினால் சதைச்சாறு கலந்து சிரிஞ்சிலேயே உறையத் தொடங்கி விடும். ஒரே குத்தில் சுத்தமாக வர வேண்டும்.

குளுக்கோஸ் ஏறும் கையில் எடுக்கக்கூடாது. அடுத்த கையில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தோடு பாட்டில் தண்ணீரும் வரும்.

பல டியூபில் எடுக்க வேண்டியிருந்தால் ஊதா மூடிக்கும் பச்சை மூடிக்கும் முன்பே நீல மூடியை நிரப்ப வேண்டும். ஊதாவிலும் பச்சையிலும் இருப்பது உறைவைத் தடுக்கும் வேறு மருந்து. ஒரு துளி ஒட்டி வந்தாலும் கணக்கு கெடும்.

நிரப்பியதும் டியூபை மெள்ளத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். 3, 4 தடவை போதும். குலுக்கினால் அணுக்கள் உடைந்து செந்நிறம் ஏறும். உள்ளே சின்னக் கட்டி தெரிந்தால் அந்த டியூபைக் கழித்து விட வேண்டும்.

பெயர், தேதி, எடுத்த நேரம்: மூன்றையும் நோயாளியின் பக்கத்தில் நின்றே டியூபில் எழுத வேண்டும். போலீசார் சம்பவ இடத்தில் மகஜர் எழுதுவது போல!

மீனுக்கு ஐஸ், இதற்குக் கூடாது!

நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். கெட்டுப் போகும் பொருள் எது என்றாலும் ஐஸ் பெட்டியில் போடு. பாம்பனிலும் மண்டபத்திலும் மீனுக்கு அது சரி.

உறைவு டெஸ்ட் ரத்தத்துக்கு ஐஸ் விரோதி. குளிரில் வைத்தால் உறைவுக் காரணிகளில் ஒன்று தானாகவே விழித்துக் கொள்ளும். வேறு ஒன்று குறையும். ரிப்போர்ட் ஒன்றுக்கு ஒன்று முரண்படும். மற்ற டெஸ்ட் ரத்தத்தோடு சேர்த்து இதையும் ஐஸ் பெட்டியில் போட்டு அனுப்பினால் கதை முடிந்தது.

அதற்காக வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டியிலும் வைக்கக்கூடாது. 18 முதல் 24 டிகிரி வரை உள்ள வெப்பம்தான் கணக்கு. நம்ம ஊர் சித்திரை வெயிலில் அது நிழலில்கூடக் கிடைக்காது. ஐஸ் படாத, வெயிலும் படாத மூடிய பெட்டி வேண்டும்.

நேரமும் முக்கியம். பி.டி. டெஸ்டுக்கு எடுத்த ரத்தம் 24 மணி நேரம் வரை தாங்கும். ஏ.பி.டி.டி.க்கு 4 மணி நேரம்தான் கெடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ராமேசுவரத்தில் இருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். மதுரை என்றால் சுமார் 170 கிலோமீட்டர். காலை 8 மணிக்கு ராமேசுவரத்தில் எடுத்த ரத்தம், வழியில் மற்ற ஊர்களிலும் நின்று சேகரித்துக் கொண்டு மதியம் 2 மணிக்கு மதுரை லேபில் இறங்கினால் ஏ.பி.டி.டி. கெடு தாண்டி விட்டது. தூரம் போகத்தான் வேண்டும் என்றால், இங்கேயே மெஷினில் சுற்றித் தெளிந்த பிளாஸ்மாவைத் தனியாகப் பிரித்து உறைய வைத்து அனுப்ப வேண்டும்.

வால்வு மாற்றிக் கொண்டு உறைவைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நன்றாக நினைவில் வைக்க வேண்டும். அவர்களுக்கு ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும். எந்த ஊர் லேபில் எடுத்தாலும் ஒரே கணக்கு வர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1983-ல் கொண்டு வந்த எண் அது. டியூபில் ரத்தம் குறைந்து எண் பொய்யாக ஏறினால், டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். வால்வில் ரத்தக் கட்டி உட்காரும்!

பாலம் வந்த பிறகு

ஒரு காலத்தில் ராமேசுவரம் தீவில் பாம்பு கடித்தால் ரயிலுக்கோ படகுக்கோ காத்திருக்க வேண்டும். 1914-ல் ரயில் பாலம் வந்தது. 1964 டிசம்பர் புயல் அதைச் சிதைத்துப் போட, மறுபடி கட்டினார்கள். கார் போகும் பாலம் 1988-ல்தான் திறந்தது. 2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்தது. 2022 ஜனவரி 12-ந் தேதி ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலமும் வந்து விட்டது.

சாலை வந்தது, வண்டி வந்தது, கல்லூரி வந்தது. ஆனால் நேரத்தைத் தின்கிறவர்கள் இன்னும் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறவர், கடிவாயைக் கீறுகிறவர், வாயால் உறிஞ்சுகிறவர், கயிறு போட்டு இறுக்குகிறவர்.

கீறினால் என்ன ஆகும்? உறையாத ரத்தம் உள்ளவரைக் கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது. இறுக்கிக் கட்டினால் கால் அழுகும். கட்டை அவிழ்த்ததும் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறும்.

கடல் பாம்பு விஷயத்தில் ஜாக்கிரதை

மீனவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வலையில் மீனோடு மாட்டி வரும் கடல் பாம்பு கடித்தால் இந்தக் கண்ணாடி டியூபில் ரத்தம் நன்றாகவே உறையும்! அதனால் விஷம் இல்லை என்று ஆகாது.

கடல் பாம்பின் விஷம் தசையைத் தாக்கும். கடிவாயில் வலிகூட அதிகம் தெரியாது. சில மணி நேரத்தில் கழுத்தும் கை கால்களும் வலித்து இறுகும். சிறுநீர் டீ நிறத்தில் போகும். சிறுநீரகம் கெடும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன 4 பாம்புகளுக்கானது. கடல் பாம்புக்கு அது வேலை செய்யாது. மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும் வைத்தியம்தான் வழி. அதனால் கடலில் கடித்தது என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும்.

நல்ல பாம்பு, கட்டு விரியன் கடியிலும் ரத்தம் உறையும். அங்கே பார்க்க வேண்டியது கண் இமையையும் மூச்சையும்.

விஷமே லேப் வேலைக்காரன்!

ரத்தத்தைக் கெடுக்கும் அதே விஷத்தை மனிதன் வேலைக்கும் வைத்துக் கொண்டான். 1934-ல் லண்டனில் மக்பார்லேன், பார்னெட் என்ற இருவர் கண்ணாடி விரியன் விஷத்தைத் துளியாகக் கலந்து, பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய் உள்ளவர்களின் காயத்தில் தடவிக் கசிவை நிறுத்திக் காட்டினார்கள். இன்றும் லேப்களில் சில உறைவு டெஸ்டுகளுக்குக் கண்ணாடி விரியன் விஷம்தான் மருந்து. சுருட்டை விஷத்தில் இருந்து எடுத்த பொருளும் லேபில் வேலை செய்கிறது.

மருந்து தயாரிக்க விஷம் கொடுப்பவர்கள் நம் தமிழ்நாட்டு இருளர்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் அவர்களுடைய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக் கொண்டு, காட்டில் திரும்ப விட்டு விடுவார்கள்.

பொதுமக்கள் செய்ய வேண்டியது

பாம்பு கடித்தால் ஓடக்கூடாது, நடக்கக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ மட்டை வைத்து அசையாமல் கட்டி 108-க்குச் சொல்லுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றி விடுங்கள்.

கடித்த நேரத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். பாம்பை அடித்துத் தூக்கி வரும் வேலை வேண்டாம். அது இன்னொருவரையும் கடிக்கும்.

உறைவைத் தடுக்கும் மாத்திரையோ ஆஸ்பிரினோ சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லி விடுங்கள். மறைத்தால் டெஸ்டின் அர்த்தமே மாறி விடும்.

ஆஸ்பத்திரியில் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், 20 நிமிஷ டெஸ்ட் எடுத்தாச்சா?" டியூப் வைத்திருக்கும் மேஜையில் சாயாதீர்கள், ஆட்டாதீர்கள். அந்த 20 நிமிடம் அது அசையாமல் நிற்கட்டும்.

அரசுக்கு ஒரு வார்த்தை

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. வருடத்துக்குச் சராசரி 58 ஆயிரம் பேர்! 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவைப் பாதியாகக் குறைப்போம் என்று மத்திய அரசு 2024 மார்ச்சில் திட்டம் வெளியிட்டது. அதே வருடம் நவம்பரில் தமிழக அரசு, பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அரசு ஆஸ்பத்திரி ஆனாலும் தனியார் ஆனாலும் கணக்கு கொடுத்தாக வேண்டும்.

எல்லாம் நல்ல காரியம். ஆனால் ரத்தம் எடுக்கும் டியூபெல்லாம் பிளாஸ்டிக் ஆகிக் கொண்டிருக்கும் காலம் இது. உடையாது, பத்திரம், சரிதான். இந்த ஒரு டெஸ்டுக்கு மட்டும் கண்ணாடி வேண்டும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை பாம்புக்கடி மருந்து இருக்கும் பீரோவிலேயே ஒரு பெட்டி புதுக் கண்ணாடி டியூபும், சுவரில் ஓடுகிற ஒரு கடிகாரமும் இருக்க வேண்டும். ராத்திரி டியூட்டி நர்சு வரை எல்லோருக்கும் இந்த டெஸ்டைச் செய்து காட்டிப் பழக்க வேண்டும்.

மருந்துப் பாட்டிலோடு ஒப்பிட்டால் கண்ணாடி டியூபின் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டிலை எப்போது உடைக்க வேண்டும் என்று சொல்வது அந்த டியூப்தான்!